தேகு நகரத்து அண்ணன், தங்கை ஓட்டு

பி.டி.எஸ். பாட்டுக்குழுவின் ரசிகர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தேகு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சுகாவும் வீயும் பிறந்த ஊர் என்று உடனே சொல்வார்கள். தென்கொரியாவின் தென்கிழக்கில் உள்ள பெரிய நகரம். பழமைவாதக் கட்சி அங்கே கழுதையை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்று சொல்லத் தோன்றும். 2025 ஜூன் அதிபர் தேர்தலில் தோற்றுப்போன அக்கட்சி வேட்பாளர் கிம் மூன் சூவுக்குத் தேகு கொடுத்தது 67 சதவீதத்துக்கும் மேல்.

அப்பன் போட்ட கட்சிக்கே பிள்ளையும் போடுகிறான், இதில் பேச என்ன இருக்கிறது என்பீர்கள். ஆனால் ஊர் பரம்பரையாக அப்படி இல்லை. 1960 பிப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை. எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு மாணவர்கள் போய்விடக் கூடாது என்று, விடுமுறை நாளில் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். ஒரு பள்ளியில் பரீட்சை என்றார்கள், இன்னொன்றில் சினிமா காட்டுகிறோம் என்றார்கள். ஒரு பள்ளியிலோ, முயல் வேட்டைக்குப் போகிறோம் என்றே சொன்னார்கள்! பிள்ளைகள் தெருவில் இறங்கிவிட்டார்கள். இரண்டே மாதத்தில் அதிபர் சிங்மன் ரீ பதவி விலக நேர்ந்த கிளர்ச்சிக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான் போடப்பட்டது.

மறு வருஷம் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீ, பக்கத்து ஊரான குமிக்காரர். அவர் காலத்தில் தொழிற்சாலைகள் வந்தன, நம்மூர் ஆள் நாட்டை ஆள்கிறார் என்ற பெருமையும் வந்தது. பெரியவர்களின் விசுவாசம் அதிலிருந்து வந்தது. இருபது வயதுக்காரருக்கு அது பாடப்புத்தகம்.

இளைஞர் ஓட்டு பிரிகிற இடம் வேறு. 2025 வாக்குச்சாவடிக் கணிப்பில், நாடு தழுவிய அளவில், இருபதுகளில் உள்ள பெண்களில் 58 சதவீதம் பேர் எதிரணி வேட்பாளர், தேர்தலில் ஜெயித்த லீ ஜே மியுங்குக்குப் போட்டார்கள். அதே வயது ஆண்களில் அவருக்குக் கிடைத்தது 24 சதவீதம். அண்ணனும் தங்கையும் ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு எதிரெதிர் வேட்பாளர்களுக்கு முத்திரை குத்துகிறார்கள்.

அண்ணனுக்கு ஒன்றரை வருஷம் கட்டாய ராணுவ சேவை. முன்பு அதற்காக அரசு வேலைத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு; 1999இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 'நான் இழந்ததற்கு ஈடு என்ன?' என்பது அவன் கேள்வி. தங்கையோ, ஆண்-பெண் சம்பள வித்தியாசம் பணக்கார நாடுகளிலேயே மிக அதிகமாக இருக்கும் நாட்டில் வேலைக்குப் போகப் போகிறவள். 2024 டிசம்பரில் அன்றைய அதிபர் யூன் ராணுவச் சட்டம் அறிவித்ததை எதிர்த்து, பாட்டுக்கச்சேரி விளக்குக் குச்சியோடு தெருவுக்கு வந்தவர்களில் அவள் வயதுப் பெண்கள் ஏராளம். இருவர் கணக்கும் எனக்குப் புரிகிறது. ஒருவர் பாக்கியை மற்றவர் தலையில் எழுதுவதுதான் புரியவில்லை.

மறுபடி தேகுவுக்கே வருவோம். அங்கே நல்ல வேலை குறைவு. தலைக்கு வரும் உற்பத்தியில் முப்பது வருஷமாக நாட்டிலேயே கடைசி. படித்தவர்கள் சியோலுக்கு ரயிலேறுகிறார்கள், ஓட்டையும் அங்கே மாற்றிக்கொள்கிறார்கள். குறை சொல்லக்கூடியவர்கள் வெளியேறிய பிறகு, ஊரில் ஆள்கிற கட்சிக்கு என்ன கவலை என்பது என் எண்ணம்.

ஆனாலும் கழுதைக் கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. 2012இலும் 2014இலும் அங்கே தோற்ற எதிரணிக்காரர் கிம் பூ கியம், ஊரை விட்டுப் போகாமல் 2016இல் மறுபடி நின்று, தேகுவின் சுசோங் தொகுதியில் 62 சதவீத வாக்கோடு ஜெயித்தார். அன்று அவரிடம் தோற்றவர் இதே கிம் மூன் சூ. 2020இல் கிம் பூ கியமையும் அதே தொகுதி தோற்கடித்தது.