24 வீடுகள் உள்ள ஊர்



ஆங்கிலத்தில் எழுதப்படும் இந்திய நாவல்களில் ‘சமூகம்’ எப்படி வருகிறது என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அது ஒரு முழு ஆய்வேட்டுக்கான தலைப்பு. என் ஆய்வேடே இன்னும் முடிந்தபாடில்லை. அதனால் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன்.

தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் நாம். அவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசினால் நாங்கள். ‘நம்ம ஊரு’, ‘எங்க ஊரு’ இரண்டும் ஒரே இடத்தைக் குறித்தாலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றுதான். யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பதை அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. அதனால் ஆங்கில நாவலில் அது வரும் இடங்களில் கொஞ்சம் நின்று, இது நாமா நாங்களா என்று தமிழில் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

ராஜா ராவின் ‘காந்தபுரா’ 1938-இல் வந்தது. ஆங்கில இலக்கியம் படித்த தோழர்களில் பலர் இதைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். கன்னட நாட்டின் மலைப்பகுதிக் கிராமம் ஒன்று காந்தியின் போராட்டத்துக்குள் இழுக்கப்படுகிற கதை. அச்சக்கா என்ற வயதான பார்ப்பனப் பெண் சொல்கிறார். ஊர் ஒற்றுமைக்கும் தேசிய உணர்வுக்கும் எடுத்துக்காட்டாக வகுப்பில் நடத்துவார்கள். கிராமமே கதை சொல்கிறது என்பார்கள்.

அதன் முதல் சில பக்கங்களுக்குப் போவோம். எங்கள் ஊரில் 24 வீடுகள் என்று அச்சக்கா கணக்குச் சொல்கிறார். யாருடையது மாடி வீடு, யார் புதிதாக அறை எடுத்துக் கட்டினார் என்று எல்லாம் வரிசையாக வருகிறது. போஸ்ட் மாஸ்டர் வீடு கோயில் மூலையில் இருக்கிறது. பிறகுதான், இதுவரை சொன்னது பார்ப்பனத் தெரு மட்டும் என்கிறார். குயவர் தெரு, நெசவாளர் தெரு, சூத்திரர் தெரு, சேரி ஆகியவையும் ஊரில் உண்டு. அங்கெல்லாம் எத்தனை குடிசைகள்? அவருக்குத் தெரியாது. தொண்ணூறோ நூறோ இருக்கலாம். சேரிக்குள் அவர் போவார் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது. தெருமுனையிலிருந்து பார்த்த ஒரு குடிசையை நடுவில் வைத்து, இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் ஆறோ ஏழோ எட்டோ என்று உத்தேசமாகக் கூட்டி, 15 அல்லது 20 என்கிறார்.

தன் தெருவுக்குத் துல்லியமாக 24. மற்றவர்களுக்கு உத்தேசம். ‘எங்கள் ஊர்’ என்று அவர் தொடங்கியபோதே 24 வீடுகளோடு ஊர் முடிந்துவிட்டது. ஊர், சேரி என்று பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராஜா ராவ் இதை மறைக்கவும் இல்லை. கதாநாயகன் மூர்த்தி சேரி வீட்டுக்குள் போய், கொடுத்த பாலைத் தயங்கித் தயங்கிக் குடிக்கிறான். திரும்பி வந்து குளிக்கிறான், கங்கை நீர் பருகுகிறான். எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. ‘கிராமத்தின் குரல்’ என்று பாடம் எடுக்கும்போதுதான் அது காணாமல் போகிறது.

இடையில் ஒன்று. அந்தச் சேரியைக் குறிக்க ராஜா ராவ் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல் ‘பறையா’. கன்னட நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் பெயர்கள் ஹொலெயர், மாதிகர். நம் மக்களின் பெயரை ஆங்கிலம் எடுத்துக்கொண்டு போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் அகராதியில் ஏற்றி, பிறகு வேறொரு நாட்டு மக்கள்மீது ஒட்டியது. மொழிபெயர்ப்பு என்பது சில நேரம் இப்படியும் நடக்கிறது.

இப்போது பாமாவின் ‘கருக்கு’. 1992-இல் தமிழில் வந்தது. 2000-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இது தன்வரலாறு, நாவல் இல்லை. ஆனாலும் ஆங்கிலத் துறை அலமாரியில் காந்தபுராவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டும் ஊரின் தெருக்களைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. அஞ்சலகம், பஞ்சாயத்து அலுவலகம், பால் டிப்போ, பெரிய கடைகள், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் மேல்சாதித் தெருக்களில் இருக்கின்றன என்கிறார் பாமா. ஆகவே அவர்கள் இந்தப் பக்கம் வரத் தேவையே இல்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். அஞ்சலட்டை வாங்கவும் வேலைக்கும் போகிறவருக்கு எதிர்த் தெருவின் ஒவ்வொரு வாசலும் தெரியும். போஸ்ட் மாஸ்டர் தன் தெருவிலேயே குடியிருக்கும்போது அச்சக்கா ஏன் சேரியை எண்ணிப் பார்க்கப் போகிறார்?

ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது, இது சமூகவியல், இலக்கியம் இல்லை என்றார் ஒரு மூத்த பேராசிரியர். வீடுகளை எண்ணுவதா விமர்சனம் என்று கேட்டார். எண்ணத் தொடங்கியவர் அச்சக்கா, நானில்லை.

முல்க் ராஜ் ஆனந்தின் ‘அன்டச்சபிள்’ 1935. துப்புரவுத் தொழிலாளி பாகாவின் ஒரே ஒரு நாள். அன்பும் கோபமுமாக எழுதப்பட்ட நூல், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் பாகாவின் தங்கை சோகினி கிணற்றடியில் காத்து நிற்கிறாள். யாராவது மேல்சாதிக்காரர் மனமிரங்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடைசியில் இரங்குகிற பூசாரியின் நோக்கம் வேறு. அந்த நாவல் வெளிவருவதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே, 1927 மார்ச் 20 அன்று, அம்பேத்கரோடு ஊர்வலமாகப் போய் மகத் சவுதார் குளத்தில் மக்கள் தாங்களே தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டார்கள். பாகாவுக்கு நாவலின் முடிவில் மூன்று வழிகள் காட்டப்படுகின்றன: மிஷனரியின் ஏசு, காந்தி, நீரூற்றும் கழிப்பறை. மூன்றிலும் அம்பேத்கர் இல்லை. பாகா ‘நாங்கள்’ என்று சொல்ல ஓர் அமைப்பும் இல்லை.

அருந்ததி ராயின் வெளுத்தாவும் (1997) அப்படித்தான். கட்சி உறுப்பினன், ஆனால் கட்சித் தோழர் கைகழுவிய பிறகு காவல்துறையிடம் தனியாக அகப்பட்டுச் சாகிறான். ஒடுக்கப்பட்டவரை அழகாக, திறமைசாலியாக, தனியாக எழுதுவது இந்த நாவல்களுக்குக் கைவந்திருக்கிறது. கூட்டமாக எழுதத்தான் தயக்கம்.

எனக்குப் பிடித்த விதிவிலக்கு ரோஹின்டன் மிஸ்திரியின் ‘எ ஃபைன் பேலன்ஸ்’ (1995). செருப்புத் தைக்கும் சாதியில் பிறந்து தையல் கற்ற ஈஷ்வரும் ஓமும் பார்சிப் பெண் தீனாவின் வீட்டில் வேலைக்கு வருகிறார்கள். தீனா நல்லவர். ஆனாலும் அவர்களுக்கென்று தேநீர்க் கோப்பை தனி. நம் டீக்கடைகளின் இரட்டைக் குவளை தெரிந்த யாரும் அந்தப் பக்கத்தைச் சும்மா தாண்டிப் போக முடியாது. நாவலின் முடிவில் இருவரும் பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். தன் வீட்டையும் இழந்த தீனா அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறார். அண்ணனுக்குத் தெரியாமல் அவர்களை அழைத்துச் சோறு போடுகிறார். அண்ணனும் அண்ணியும் இரவு சாப்பிடப்போகும் அதே தட்டுகளில். மிஸ்திரி அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. கழுவி அடுக்கி வைப்பதோடு விட்டுவிடுகிறார்.

மீனா கந்தசாமியின் ‘த ஜிப்சி காடஸ்’ (2014) வெண்மணியைப் பற்றியது. 1968 டிசம்பர் 25. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இந்தக் கதையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று வாசகரோடு சண்டை போட்டுக்கொண்டே போகிற நாவல் அது. சிலருக்கு அந்தச் சண்டை எரிச்சலூட்டுகிறது. எனக்கு அது தேவை என்றே படுகிறது. வெண்மணியின் ‘நாங்கள்’ சங்கத்தில் உருவான சொல். புத்தகம் வாங்கிப் படித்துவிட்டோம் என்பதற்காக அதை ‘நாம்’ என்று மாற்றிக்கொள்ள நமக்கு உரிமை வந்துவிடாது.

காந்தபுராவின் முதல் பத்துப் பக்கங்களையும் கருக்கின் முதல் இயலையும் நகலெடுத்து வந்திருக்கிறேன். பின்வரிசைத் தோழர்களிடம் இருக்கின்றன. இரண்டு ஊர்களின் தெருக்களையும் ஒரு தாளில் பென்சிலால் வரைந்து பாருங்கள். அஞ்சலகத்தைக் குறிக்க மறக்காதீர்கள். தேநீருக்குப் பிறகு பேசுவோம்.