நிலமில்லாதவர்களிடம் தகவமைப்பு பேசுவது



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘காலநிலைத் தகவமைப்பில் மலைப் பெண்களின் தலைமை’. மாறிவிட்ட மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப வாழ்க்கையை மாற்றிக்கொள்வதைத்தான் தகவமைப்பு என்கிறோம். குடியிருக்கும் வீடே தன்னுடையதாக இல்லாத ஒரு பெண் எதை மாற்றுவார்? மூணாறை வைத்து இதைப் பேசுகிறேன்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களின் மேல் விழுந்தது. தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமாக 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ் தலித்துகள். பலருக்குக் கயத்தாறு பக்கம் பூர்வீகம். மின்சாரம் இல்லை, தொலைபேசி வேலை செய்யவில்லை. வெளியே செய்தி போவதற்குள் விடிந்துவிட்டது. அன்று மாலை கோழிக்கோட்டில் விமான விபத்து. அதில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 லட்சம்.

அந்தச் சரிவுக்குக் கீழே அவர்கள் ஏன் குடியிருந்தார்கள்? லயம் இருக்கும் இடத்தை முடிவு செய்வது தோட்ட நிர்வாகம். வேலை இருக்கும்வரைதான் லயம். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். கேரள நிலச் சீர்திருத்தத்தை நாம் முன்மாதிரி என்கிறோம். குடிகிடப்புக்காரர்களுக்குச் சில சென்ட் நிலமாவது கிடைக்க வழிசெய்த அதே சட்டம்தான் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கும் அளித்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு ஒரு சென்ட்டும் வரவில்லை. 1950-க்கு முன்பே கேரளத்தில் குடியிருந்ததற்கு ஆவணம் காட்ட முடியாத குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பதே பெரும்பாடு. நூறாண்டாக அந்த மலையில் உழைத்தவர்கள், காகிதத்தில் தலித்தாகக்கூட இல்லை.

இன்னொரு சட்டத்தையும் பாருங்கள். நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளர் இறந்தால் நிர்வாகமே இழப்பீடு தர வேண்டும் என்று, தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981-இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். கூடவே ஒரு விலக்கு: முழுக்க இயற்கைப் பேரிடரே காரணம் என்றால் பொறுப்பில்லை. ஆக, ‘இயற்கைப் பேரிடர்’ என்ற சொல் யாருக்கு உதவுகிறது என்று யோசியுங்கள். 2024 ஜூலையில் வயநாட்டைச் சரித்த மழையைக் காலநிலை மாற்றம் சுமார் 10% கனமாக்கியது என்று வேர்ல்டு வெதர் ஆட்ரிபியூஷன் ஆய்வாளர்கள் கணித்தார்கள். மழையே மனிதர் செயலால் கனத்திருக்கிறது. அது விழும் இடத்தில் யாரைக் குடிவைப்பது என்பதும் மனிதர் எடுத்த முடிவுதான்.

இனி பெண்களின் தலைமைக்கு வருகிறேன். அது மூணாறில் 2015 செப்டம்பரிலேயே வெளிப்பட்டது. போனஸை 10% ஆகக் குறைத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையை மறித்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே வரவிடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ அப்படித்தான் பிறந்தது. ஒன்பது நாளில் 20% பெற்றார்கள். 232 ரூபாயாக இருந்த தினக்கூலி அதன்பிறகு 301 ஆனது. கேட்டது 500.

பெட்டிமுடிக்குப் பிறகு முதல்வர் மூணாறு வந்த நாளில், தொழிலாளர்களுக்கு நிலமும் வீடும் கேட்டுச் சாலையில் நின்றவர் பெம்பிளை ஒருமையின் கோமதி. போலீஸ் அவரைக் கைது செய்தது. என்னைப் பொறுத்தவரை, அவர் கேட்டதுதான் அந்த மலையின் தகவமைப்புத் திட்டம். நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து எடுப்பவர்கள் கேட்ட திட்டம். உயிர் தப்பியவர்களில் 8 குடும்பங்களுக்குப் பிறகு வேறிடத்தில் வீடு கிடைத்தது. மற்ற லயங்களில் இருப்பவர்கள் வீடு வாங்க முதலில் புதைய வேண்டுமா?

கருத்தரங்குகளில் மலைப் பெண்களின் தாங்கும் சக்தியைப் புகழ்கிறோம். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் நம்பிக்கையில்லை. தாங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டால் எதையும் கொடுக்க வேண்டியதில்லை.

‘பெண்கள் தலைமையில்’ என்று எழுதிய எந்தத் திட்டம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டா யார் பெயரில்? சிவப்பு எச்சரிக்கை நாளில் வேலைக்குப் போகாமல் இருந்தால் அவருக்குக் கூலி உண்டா? வீடு எங்கே கட்டுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருக்கிறாரா?

மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அவரிடம் இருப்பது தலைமை அல்ல, ஆபத்து மட்டும்தான்.