நாற்றங்காலிலேயே காவல் வேண்டும்

(விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நட்டு ஒரு மாதத்தில் பயிர் பழுக்கிறது. தோகையில் ஆரஞ்சு நிறம் ஓடுகிறது, தூர் கட்டவில்லை, பயிர் குட்டையாய் நின்றுவிடுகிறது. உரம் பற்றவில்லை என்று யூரியாவைக் கொட்டுகிறார்கள். கடன்தான் வளர்கிறது. காரணம் என்ன?

உரக் குறைவென்றால் வயல் முழுதும் ஒரே சீராக வெளுக்கும். இங்கோ அங்கொரு திட்டு, இங்கொரு திட்டு. இது துங்ரோ என்னும் வைரஸ் நோய். இதைச் சுமந்து வருவது பச்சைத் தத்துப்பூச்சி. நெல்மணியைவிடச் சிறியது, ஊசி வாயைத் தோகையில் செருகிச் சாறு உறிஞ்சும். அது குடிக்கும் சாறு அற்பம். பரப்பும் நோயே பெரும் நாசம். நோயுற்ற பயிரில் அரைமணி நேரம் சாறு குடித்தால் போதும், வைரஸ் வாயில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சில நாட்களுக்கு அது உட்காரும் பயிருக்கெல்லாம் ஆபத்து. 1963-ல் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வுண்மை துலங்கிற்று. 1984-ல் தமிழ்நாட்டிலும் இந்நோய் பெருவாரியாகப் பரவிற்று.

மருந்து பூச்சியைக் கொல்லலாம். பயிருக்குள் புகுந்த வைரஸைக் கொல்லாது. கண்டபடி மருந்தடித்தால், பூச்சியைத் தின்னும் சிலந்தியும் சாகும். முகத்துணிகூட இல்லாமல் அடிக்கும் கூலியாளின் மூச்சிலும் விஷம் ஏறும்.

அப்படியானால் வழி என்ன? அறுப்பு முடிந்ததும் தாளை மடக்கி உழ வேண்டும். விட்டுவைத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்புதான் நோய்க்கும் பூச்சிக்கும் தங்குமிடம். நோய் தாங்கும் ரகத்தை விதைக்க வேண்டும். நாற்றங்காலருகே விளக்குப்பொறி வைத்துப் பூச்சியின் பெருக்கத்தை அறிய வேண்டும். நோய் கண்ட பயிரை உடனே பிடுங்கிப் புதைக்க வேண்டும்.

இதை ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஊரே ஏககாலத்தில் நட வேண்டும். பிந்தி நட்ட வயலுக்கே அடி பலம். முந்திய வயல்களில் பெருகிய பூச்சி அங்கேதான் இறங்கும். ஆகவே கடைமடைக்கும் காலத்தில் தண்ணீர் வேண்டும் என்பது பயிர்ப் பாதுகாப்புக் கோரிக்கையுமாகும்.

பயிர் போனால் நிலமுள்ளவருக்கு மகசூல் நஷ்டம். நமக்கு அறுப்புக் கூலியே இல்லை. ஆலைத் தொழிலாளியின் உலைக்குப் போகும் அரிசியும் இதே வயலில்தான் விளைகிறது.

நாற்றுப் பறிக்கும், களையெடுக்கும் பெண் தோழர்களே நோயை முதலில் காண்பவர்கள். கண்டதும் சொல்லுங்கள். அந்தச் சொல்லை ஊர் கேட்கும்படி செய்வது நம் எல்லோருடைய கடமை.