எத்துப்பல்லும் தெற்றுப்பல்லும்



மேல்வரிசை முன்பற்கள் உதட்டைக் கடந்து வெளியே நீண்டிருப்பின், அதனை ஊர்மக்கள் எத்துப்பல் என்பர். கற்றவருள் பலர் அச்சொல்லை எழுதக் கூசுவர். கொச்சையென்று ஒதுக்கிவிட்டு ஆங்கிலத்தில் சொல்லி அமைவர். அது கொச்சைதானா?

காற்று பேச்சில் காத்தாகிறது, நேற்று நேத்தாகிறது, வற்றல் வத்தலாகிறது, புற்று புத்தாகிறது. றகர இரட்டை தகர இரட்டையாய்த் திரிவது தமிழகப் பேச்சில் பெருவழக்கு. யாழ்ப்பாணத்திலும் மலையாளத்திலும் பழைய ஒலி இன்றும் கேட்கிறது. இந்நெறியே பின்னோக்கிச் செல்லின், எத்து என்பது எற்று என்பதன் திரிபே. எற்றுதலாவது எறிதல், உதைத்தல், வெளியே தள்ளுதல். அலை நுரையைக் கரையில் எற்றுகிறது. காலால் ஓர் எத்து விட்டான் என்று சிறுவனும் சொல்கிறான். வெளியே எற்றப்பட்டாற்போல் நிற்கும் பல் எற்றுப்பல். (ஏமாற்றுக்காரனைக் குறிக்கும் எத்தனை இங்கு இழுத்துவர வேண்டா.)

இதனையும் தெற்றுப்பல்லையும் ஒன்றெனக் கொள்வார் உளர். அது பிழை. தெற்றுதலாவது பின்னுதல், இடறுதல், மாறுபடுதல். நடக்கையில் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிப்பது தெற்றுக்கால். சொல் இடறித் திக்குவது தெற்றுவாய். இடம் போதாமல் ஒரு பல்லின்மேல் மற்றொன்று ஏறி முளைப்பது தெற்றுப்பல். மலையாளத்தில் தெற்று என்றாலே பிழை என்று பொருள். எற்றுப்பல்லோ வரிசை பிறழாமலே முன்தள்ளி நிற்கக்கூடும். தெற்றுப்பல் சிறிதும் முன்னே நீளாதிருக்கக்கூடும். பல் மருத்துவரும் இவ்விரண்டையும் வேறு வேறாகவே பிரித்துக் காண்கின்றனர். அப்பிரிவினை ஊர்வழக்கில் முன்பே உள்ளது!

வடமொழியில் எற்றுப்பல்லனைத் தந்துரன் என்பர். அது பல்லின் பெயரோடு ஓர் ஈறு சேர்த்த அளவே. தமிழ்ச்சொல்லோ அப்பல் நிற்கும் நிலையையே கண்முன் காட்டுகிறது.

ஆயினும் இச்சொல் வசையாகிவிட்டது. பள்ளியில் ஒரு சிறுமியை எத்துப்பல்லி என்றழைத்தால், அவள் அன்றுமுதல் வாயைக் கையால் மறைத்தே சிரிக்கிறாள். பெண் பார்க்க வந்தவர் இதையே சாக்காக்கித் திரும்புவதும் உண்டு. அது சொல்லின் குற்றமன்று, சொல்லுவார் குற்றம். தாடையமைப்பு மரபால் வருவது. பால்பல் விழுந்து முளைக்கும் அகவையிலும் விரல் சூப்புதல் நீடித்தால் முன்பல் மேலும் தள்ளும். உதடு மூடாமையால், தடுக்கி விழும்போது முதலில் உடைவதும் அப்பல்லே. கம்பி கட்டித் திருத்தலாம் என்பதை அறியாத பெற்றோர் இன்றும் உளர். அத்தகைய தாய் ஒருத்தி, பிள்ளைக்கு எத்துப்பல் என்று மருத்துவரிடம் கூசாமல் சொல்லட்டும். மருத்துவரும் முகஞ்சுளியாமல் தம் ஏட்டில் எற்றுப்பல் என்றே எழுதட்டும்.