முற்றத்து மாதுளை: வெடிக்காத பழம் எடுக்க



தகரக் கொட்டிலில் இருக்கும் எங்களுக்குப் பழமரக் கதையா என்று சிலர் நினைக்கலாம். கூரையும் கிணறும் மலசலகூடமும்தான் முதலில் வேண்டும். ஆனால் மாதுளை காய்க்க இரண்டு மூன்று வருடம் எடுக்கும். வீடு முடியட்டும் என்று காத்திருந்தால், பிள்ளைகள் பழம் தின்னும் நாளும் தள்ளிப்போகும்.

இறக்கக்கண்டியில் எங்களைச் சுற்றிக் கடலும் களப்பும் மணலும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளும் இந்தக் கரையில் உண்டு. தேசியும் தோடையும் உப்பைத் தாங்கா. மாதுளை ஓரளவு தாங்கும், வெயிலையும் தாங்கும்.

நடுவதற்கு முன் ஒரு விடயம். கண்ணிவெடி இல்லையென்று உறுதி செய்யப்படாத இடத்தில் மண்வெட்டி போட வேண்டாம். பற்றைக்குள் உங்கள் பழைய மரமே நின்றாலும் போக வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பிக் கிராம உத்தியோகத்தரிடமோ பொலிசிடமோ சொல்லுங்கள்.

நல்ல மரத்தின் முற்றிய கிளையில், பென்சில் தடிப்பில், ஒரு சாண் நீளத் தடி வெட்டுங்கள். பையில் நட்டு நிழலில் வையுங்கள். வேர் பிடித்த கன்றை, ஐப்பசியில் மாரி தொடங்கும்போது நல்ல வெயில் விழும் இடத்தில் நடுங்கள். இரண்டடிக் கிடங்கு போதும். அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிப்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேல்மண்ணுடன் உக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்புங்கள். மணலில் நில்லாத தண்ணீரை மட்டை பிடித்து வைக்கும்.

நல்ல பழத்துக்கு முக்கியம், தண்ணீரை ஒரே அளவாக ஊற்றுவது. ஒரு கோடையில் நான் இரண்டு கிழமை எங்கள் வீட்டு மரத்தை மறந்துவிட்டேன். பிறகு நினைவு வந்து ஒரே நாளில் வாளி வாளியாக ஊற்றினேன். சில நாளில் பழமெல்லாம் பிளந்து எறும்பு மொய்த்தது. காய்ந்து இறுகிய தோல், உள்ளே முத்துகள் திடீரென்று பருக்கும்போது வெடித்துவிடும். ஆகவே கொஞ்சமாக, நாள் தவறாமல் ஊற்றுங்கள். அடியில் சருகு பரப்புங்கள். தண்டில் முட்ட வேண்டாம்.

அடியில் கிளம்பும் முளைகளை வெட்டி, மூன்று நான்கு தண்டுகளை மட்டும் விடுங்கள். பூக்கள் கொட்டினால் பயப்படாதீர்கள். அடி பருத்த பூவே காயாகும். அடி ஒடுங்கிய பூ உதிரும். பிஞ்சு தேசிக்காய் அளவானதும் பழைய துணியால் பைபோலக் கட்டுங்கள். காய் துளைக்கும் புழுவும் அணிலும் அண்டா. துளை விழுந்த காயைப் பிடுங்கி ஆழப் புதையுங்கள். மாதுளை பறித்த பின் பழுக்காது. தோல் நிறம் மாறி, தட்டினால் கணீரென்று கேட்கும்போது காம்போடு வெட்டுங்கள்.

ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “தம்பி, திரும்பவும் ஓட வேண்டி வந்தால் இந்த மரம் யாருக்கு?” அந்தக் கேள்விக்கு என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: மாதுளை தடியிலிருந்தே முளைக்கும். அயல்வீட்டுக்கு இரண்டு தடி கொடுங்கள். ஒரு வளவில் பட்டுப்போனாலும் இன்னொரு வளவில் அந்த மரம் நிற்கும். திரும்பி வந்து தடி கேட்கலாம்.