வேரறிந்து சொல்லறிதல்



அரசுப் பள்ளியில் பயின்ற மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ஆம் ஆண்டு முதல் கிடைத்து வருகிறது. வந்தவாசி, செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் உழவை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கும் அந்தக் கதவு இப்பொழுது திறந்திருக்கிறது. ஆனால் கதவைக் கடந்து உள்ளே சென்ற பிள்ளை முதல் மாதத்தில் எதிர்கொள்வது நோயையோ மருந்தையோ அன்று, சொற்களை. பத்தாண்டு காலம் தமிழில் தெளிவாகப் படித்துத் தேறிய அறிவு, ஒரு பக்கத்துக்கு முப்பது புதிய ஆங்கிலச் சொற்களைக் கண்டதும் திகைத்து நிற்கிறது. ஊரில் முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளை வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்துவிடுகிறது. பாடம் புரியாமையன்று இது, சொல் புரியாமை. இரண்டையும் ஒன்றென எண்ணி, தனக்கு அறிவே போதாது என்று அப்பிள்ளை முடிவு கட்டிக்கொள்வதுதான் பெருங்கேடு.

அகராதியை அகரவரிசையில் மனப்பாடம் செய்வது இதற்கு மருந்தாகாது. இன்று கற்ற இருபது சொற்களில் பதினைந்து அடுத்த வாரத்தில் மறந்து போகும். மாறாக, சொல்லைப் பிரித்துப் பார்க்கக் கற்ற மாணவி என்ன செய்கிறாள்? ஹெபட் என்பது கல்லீரல், நெஃப்ர் என்பது சிறுநீரகம், காஸ்ட்ர் இரைப்பை, கார்டி இதயம், ஆர்த்ர் மூட்டு, டெர்ம் தோல், நியூர் நரம்பு என ஏழு கிரேக்க வேர்களை அறிகிறாள். ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி, ஆல்ஜியா என்று முடிந்தால் வலி, எக்டமி என்றால் அறுத்து நீக்குதல், ஆலஜி என்றால் அதனைப் பயிலும் துறை என நான்கு ஈறுகளை அறிகிறாள். பதினொரு துணுக்குகள்தாம். ஆனால் ஹெபடைடிஸ், நெஃப்ரெக்டமி, ஆர்த்ரால்ஜியா, டெர்மடாலஜி, நியூராலஜி என்று சொற்கள் கொத்துக் கொத்தாக அவள் வசமாகின்றன. ஒருபொழுதும் கேட்டிராத சொல் ஒன்று தேர்வில் வந்தாலும் அதன் பொருளை ஊகித்துவிடுகிறாள்.

இம்முறை தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. சமண முனிவர் பவணந்தி பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்பாகப் பிரித்துக் காட்டுகிறது. நடந்தனன் என்னும் சொல்லை நட, த், த், அன், அன் எனப் பிரித்து, முதல் தகரம் நகரமாகத் திரிந்தது விகாரம் என்று எழுதி மதிப்பெண் பெறாத தமிழ் மாணவர் உண்டோ? அதே கண்ணோடு இன்க்ரெடிபிள் என்னும் சொல்லைப் பார்க்க வேண்டும். இன் என்பது இன்மை. க்ரெட் என்பது நம்புதல் என்னும் இலத்தீன் வேர். இபிள் என்பது இயலும் என்னும் ஈறு. நம்ப இயலாதது என்று பொருள் தானே வந்து நிற்கிறது. அந்த இன் என்னும் முன்னொட்டு, பகரத்தின் முன் இம் ஆகி இம்பாசிபிள் என்றும், லகரத்தின் முன் இல் ஆகி இல்லீகல் என்றும், ரகரத்தின் முன் இர் ஆகி இர்ரெகுலர் என்றும் வரும். ஆங்கில ஆசிரியர் இவற்றைத் தனித்தனியே நெட்டுருச் செய்யச் சொல்வார். நன்னூல் படித்த மாணவர்க்கு இவையெல்லாம் திரிதல் என்னும் ஒரே விகாரம்.

இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு இவ்வில்லங்களிலேயே இருக்கிறது. ஐந்து விரதங்களுள் கொல்லாமையை அஹிம்சை என்றும், கள்ளாமையை அஸ்தேயம் என்றும், மிகுபொருள் விழையாமையை அபரிக்கிரகம் என்றும் குழந்தைகள் அறிவார்கள். மூன்றிலும் முதலில் நிற்கும் அகரம் இன்மையைச் சுட்டுவது. அனேகாந்தம் என்னும் சொல்லிலோ அகரம் அன் ஆகிறது. அன், ஏக, அந்தம் என்று பிரியும். வருமொழி உயிரெழுத்தில் தொடங்குவதே அதற்குக் காரணம். கிரேக்க மொழியிலும் இதே விதி, இதே எழுத்துகள்! மெய்யெழுத்தின் முன் அ வரும்: உணர்வின்மை என்னும் பொருளுடைய அபதி அவ்வாறு அமைந்தது. உயிரின் முன் அன் வரும்: ஆள்வோர் இன்மை அனார்க்கி, பெயர் இன்மை அனானிமஸ், குருதிக் குறைவு அனீமியா, உணர்ச்சி அறச் செய்வது அனஸ்தீசியா. அபரிக்கிரகத்தின் இடையில் உள்ள பரி என்பதும் கிரேக்கத்தில் சுற்றிலும் என்னும் பொருள் தரும் பெரி என்பதும் உறவுச் சொற்களே. ஒரு வடிவத்தின் சுற்றளவு பெரிமீட்டர். இதயத்தைச் சுற்றிய உறை பெரிகார்டியம்.

இது தற்செயல் ஒற்றுமையன்று. வடமொழி, கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாக இருக்க வேண்டும் என்று சர் வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் கல்கத்தா ஆசியக் கழகத்தில் உரைத்தார். பின்வந்த மொழியறிஞர் அதனை விரிவாக நிறுவினர். ஆதலால் மணிப்பிரவாள நடையில் எழுதப்பட்ட ஸ்ரீபுராணத்தைப் பாட்டியின் வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளை, தான் அறியாமலே பல ஆங்கில வேர்களைக் கையில் வைத்திருக்கிறது. தானம் என்பதோடு டொனேட், பாதம் என்பதோடு பெடல், தந்தம் என்பதோடு டென்டிஸ்ட், நாமம் என்பதோடு நாமினேட், அக்னி என்பதோடு இக்னைட், வாக்கு என்பதோடு வோக்கல் உறவுடையவை. ஞானம் என்பதன் வேர் மிகவும் வளமானது. டயக்னோசிஸ், அக்னாஸ்டிக், ரெகக்னைஸ் ஆகியவை மட்டுமன்றி, அறிதலைக் குறிக்கும் எளிய சொல்லாகிய நோ என்பதும் அதன் கிளையே. அச்சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்காமல் நிற்கும் எழுத்து முற்காலத்தில் ஒலித்தது. அஞ்ஞானமும் இக்னொரன்ஸும் உறுப்புக்கு உறுப்பு ஒத்த சொற்கள்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒலி ஒத்ததெல்லாம் உறவாகாது. தமிழ் எட்டும் ஆங்கில எய்ட்டும் ஒத்து ஒலிப்பது வெறும் தற்செயல். தமிழும் அதன் இனமொழிகளும் வேறொரு குடும்பம் என்பதை எல்லிஸ் 1816-இலும் கால்டுவெல் 1856-இலும் காட்டிச் சென்றனர். மேலே கண்ட உறவு, தமிழில் வழங்கும் வடசொற்களின் வழியே மட்டும் வருவது.

வேர் வழி செல்வோர்க்கு வேறு வழுக்கல்களும் உண்டு. பெடஸ்ட்ரியன் என்பதில் உள்ள பெட் காலைக் குறிக்கும் இலத்தீன் வேர். பீடியாட்ரிக்ஸ் என்பதன் முதலோ குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். இரண்டையும் கலந்தால் குழந்தை மருத்துவர் கால் மருத்துவராகிவிடுவார். இன் எல்லா இடத்தும் இன்மையன்று. இன்ஃப்ளேமபிள் என்று எழுதிய கலத்தில் உள்ளது தீப்பற்றும் பொருள். இன்வேல்யுபிள் என்றால் விலைமதிப்பற்றது, மிக உயர்ந்தது. அதை மதிப்பில்லாதது எனக் கொண்டு நன்றிக் கடிதத்தைத் தவிர்த்த இளைஞரும் இருக்கக் கூடும். பொருளும் காலத்தால் நகரும். மேனுஃபேக்சர் என்பது கையால் செய்தல். இன்று கை படாமல் எந்திரம் செய்வதற்கே அப்பெயர். செப்டம்பர் ஏழாம் மாதமாக இருந்தது, உரோமர் ஆண்டு மார்ச்சில் தொடங்கிய காலத்தில். ஆகவே வேரால் ஊகித்த பொருளை அகராதியில் ஒருமுறை சரிபார்த்தே ஏற்க வேண்டும். சின்சியர் என்பது மெழுகில்லாத சிலை என்று பிறந்த சொல் எனப் பலரும் மேடையில் சுவையாகக் கூறுவர். கதை நன்று, உண்மையன்று.

பயிலும் முறை எளிது. திண்ணைப் பள்ளியில் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டைப் பாட்டாகவே உருவேற்றிய தலைமுறை இருந்தது; ஒரு பொருட்குப் பல சொல், ஒரு சொற்குப் பல பொருள் என்று தொகுத்துக் கற்றதால் அவர்க்குச் சொற்பஞ்சம் இல்லை. அதையே ஆங்கிலத்துக்கும் செய்யலாம். நார்மன் லூயிஸ் 1949-இல் வெளியிட்ட வேர்ட் பவர் மேட் ஈஸி வேர்வழித் தொகுப்பில் அமைந்த நூல். பழைய புத்தகக் கடையிலும் கிடைக்கும். அதனினும் முதன்மையானது பிள்ளை தன் கையால் எழுதும் குறிப்பேடு. வாரத்துக்கு ஒரு வேர் போதும். ஆண்டுக்கு 52 ஆகும். பக்கத்தின் நடுவில் வேர், சுற்றிலும் அதன் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் நாளிதழில் கண்ட ஒரு வாக்கியம், எதிரே தமிழ்ச் சொல். பெற்றோர்க்கு ஆங்கிலம் தெரியாவிடினும் கேடில்லை. தமிழ்ச் சொல்லை மகளுக்கு எடுத்துக் கொடுப்பது அவர்கள் பங்கு.

முதல் பக்கத்துக்கு ஸ்பெக்ட் ஏற்றது. நோக்குதல் அதன் பொருள். உள்ளே நோக்கினால் இன்ஸ்பெக்ட், பின்னே நோக்கினால் ரெட்ராஸ்பெக்ட், தன்னுள் தானே நோக்கினால் இன்ட்ரோஸ்பெக்ஷன். சற்றுக் கடினமான சொல் சர்கம்ஸ்பெக்ட். சுற்றும் நோக்கி விழிப்போடு நடப்பவர் என்பது அதன் பொருள். நிலத்தை நோக்கி, ஓருயிரும் மிதிபடாமல் அடியெடுத்து வைக்கும் முனிவரைக் கண்ட பிள்ளைக்கு, ஈர்யா சமிதி என்று எதிரே எழுதிக்கொண்டால் அச்சொல் பின்னொருகால் மறவாது.