அடியில் எரியும் ஊர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவிலே இத்தனை வருஷம் இருக்கியே, அங்கே பார்த்த ஒரு ஊரைப் பற்றிப் பேசேன்" என்றார் சங்கச் செயலாளர். நயாகராவையும் நியூயார்க்கையும் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்லப் போவது, 2020 மக்கள்தொகைக் கணக்கில் வெறும் 5 பேர் இருந்த ஊரைப் பற்றி. பெயர் சென்ட்ரேலியா. பென்சில்வேனியா மாநிலத்தின் மலைப்பகுதியிலே இருக்கிறது.

அந்த மாநிலத்திலே நகரத்தைவிடச் சிறியதாக, தனக்கென்று மன்றமும் தலைவரும் உள்ள ஊரை 'பரோ' என்பார்கள். நம்ம பேரூராட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சென்ட்ரேலியா 1866-ல் பரோ ஆனது. நிலக்கரிதான் அதன் பிழைப்பு. நம் நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அங்கே கிடைப்பது ஆந்த்ரசைட். கல் போலக் கெட்டியானது. லேசில் பற்றாது, பற்றிக்கொண்டால் லேசில் அணையாது.

1962 மே மாதம். போர் வீரர் நினைவு நாள் வருகிறது. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலே, கரி எடுத்து முடிந்த பள்ளம் ஒன்றில் ஊரார் குப்பை கொட்டி வந்தார்கள். இடத்தைச் சுத்தம் செய்ய அந்தக் குப்பைக்குத் தீ வைத்தார்கள் என்பதே பலரும் ஏற்கும் விவரம். மேலே அணைந்தது போலத் தெரிந்த தீ, பள்ளத்தில் அடைக்காமல் விட்ட ஒரு சந்து வழியாகப் பழைய சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது.

அப்போதே ஆழமாகத் தோண்டி எடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். தோண்டினார்கள், பணம் தீர்ந்ததும் நிறுத்தினார்கள். மறுபடி கொஞ்சம் பணம், மறுபடி கொஞ்சம் வேலை. ஒவ்வொரு முறையும் தீ ஒரு எட்டு முன்னாலே போய்விட்டது. 1966-ல் ஊரின் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடி, ஐம்பது வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று ஒரு நினைவுப் பெட்டகத்தைப் புதைத்தார்கள். அப்போது தீக்கு வயது நாலு!

1979-ல் ஊரிலே பெட்ரோல் நிலையம் வைத்திருந்தவர், நிலத்தடித் தொட்டியில் இருந்த பெட்ரோலின் சூட்டை அளந்து பார்த்தார். ஏறத்தாழ 78 டிகிரி செல்சியஸ்! 1981 பிப்ரவரியில் 12 வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்த தரை திடீரென்று உள்வாங்கியது. மரவேரைப் பிடித்துத் தொங்கியவனை, உறவுக்காரப் பையன்தான் இழுத்துக் காப்பாற்றினான். பள்ளத்தின் ஆழம் சுமார் 150 அடி. நச்சு வாயுவும் வந்துகொண்டிருந்தது.

1983-ல் நடந்த ஆய்வில், தீயை முழுக்க அணைக்க 66 கோடி டாலருக்கு மேல் ஆகலாம் என்று கணக்குச் சொன்னார்கள். மக்களை இடம் மாற்ற 4.2 கோடி டாலர் போதும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது. ஊரிலே வாக்கெடுப்பு: போகலாம் என்றவர்கள் 345 பேர், வேண்டாம் என்றவர்கள் 200 பேர். 1980-ல் ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊரில் 1990-ல் 63 பேர்தான். 1992-ல் மாநில அரசு மிச்ச வீடுகளையும் கையகப்படுத்த முனைந்தது. 2002-ல் அஞ்சல் குறியீட்டு எண்ணும் போயிற்று. விடாமல் வழக்காடிய சிலருக்கு, உயிருள்ளவரை அங்கேயே இருக்கலாம் என்று 2013-ல் ஒப்பந்தம் ஆனது.

நான் பக்கத்து ஊரான ஆஷ்லண்டிலிருந்து மலையேறிப் போனேன். தெருக்கள் இருக்கின்றன, வீடுகள் இல்லை. வாசல் இருந்த இடமெல்லாம் மரம் முளைத்திருக்கிறது. அன்றைக்குப் புகை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆட்கள் கிறுக்கிக் கிறுக்கிப் பிரபலமான பழைய நெடுஞ்சாலையை 2020-ல் மண் போட்டு மூடிவிட்டார்கள். மேட்டிலே மட்டும் நீலக் கூம்புகளோடு வெள்ளை வெளேரென்று ஒரு உக்ரைனியக் கத்தோலிக்கத் தேவாலயம். அதன் அடியில் கரி இல்லை, பாறைதான் என்று தெரிந்ததால் பிழைத்தது. வாசலிலே ஒரு பெரியவரைப் பார்த்தேன். பிறந்தது சென்ட்ரேலியாவாம், இப்போது இருப்பது மவுண்ட் கார்மலாம். ஞாயிறு வழிபாட்டுக்கு இங்கேதான் வருவாராம்.

புதைத்த பெட்டகத்தை யாரோ களவாடப் பார்த்ததால், 2014-லேயே திறந்தார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து பெரும்பாலும் பாழ். சுரங்கத் தொழிலாளியின் தொப்பியும் விளக்கும் கொஞ்சம் கரியும் மிஞ்சின. ஊரை விட்டுப் போனவர்கள் அதைப் பார்க்கத் திரும்பி வந்தார்கள்.

ஆஷ்லண்டிலே வேறொரு காட்சி. அங்கே பயனியர் டனல் என்ற பழைய சுரங்கத்துக்குள் சின்ன ரயிலில் அழைத்துப் போகிறார்கள். உள்ளே சுமார் 11 டிகிரி குளிர். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். ஊர் மேட்டிலே ஒரு தாயின் வெண்கலச் சிலை உட்கார்ந்திருக்கிறது. 1938-ல் அதை வைத்தது யார் தெரியுமா? ஆஷ்லண்ட் பாய்ஸ் அசோசியேஷன். பிழைப்புத் தேடி வெளியூர் போன அந்த ஊர்ப் பிள்ளைகள், வருஷம் ஒருமுறை ஊரிலே கூடுவதற்கு அமைத்த சங்கம். அதாவது, நம்ம மாதிரி ஆட்கள்!

இரண்டு ஊரையும் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். போனவர்களுக்கு ஊர் மேல் பாசம் இல்லாமல் இருந்ததில்லை. இரண்டு இடத்திலும் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆனால் பாசம் தீயை அணைக்காது. தீ சின்னதாக இருக்கும்போதே முழுச் செலவையும் செய்கிறவன்தான் அணைப்பான். பாதிச் செலவு மிச்சம் இல்லை, பெரிய செலவுக்கு முன்பணம். நம் நாட்டிலேயே ஜாரியா நிலக்கரி வயலில் 1916-லிருந்து நிலத்தடித் தீ எரிகிறது; அதன் மேலே ஐந்து பேர் இல்லை, லட்சக்கணக்கானவர்கள் வாழ்ந்து வருகிறார்கள். இங்கே படிக்கும் தம்பி தங்கைகளில் யாராவது ஒருவர் அந்தக் கணக்கைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக ஒன்று. நம் நூலகத்தின் மேல்தளம் மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது. ஒவ்வொரு வருஷமும் தார் பூசுகிறோம். வருஷா வருஷம் இன்னொரு அலமாரியை நகர்த்துகிறோம். முழுத்தளத்தையும் எடுத்துப் போட ஆகும் தொகையைப் பொறியாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் பொருளாளர் கையில் இருக்கிறது. வெள்ளிவிழாச் சிலை, வளைவு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாப்பிடப் போகும் முன்பு அந்தத் தாளில் ஒவ்வொருவரும் ஒரு தொகை எழுதிவிட்டுப் போங்கள். என் பங்கை எழுதிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.